செல்லாத பன்னிரண்டு கிலோ

அந்தத் தையல்காரர் ஆயிரக்கணக்கான இடுப்புகளை அளந்தவர். தன் இடுப்பை மட்டும் அவர் அளந்ததில்லை. கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அதைத் தன்மீதே சுற்றிப் பார்க்க ஒரு காரணம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். ஐம்பத்திரண்டாவது வயதில் அதற்கு ஒரு காரணம் வந்தது. ஆனால் அந்தக் காரணம் செல்லாது என்று சொல்ல ஒரு வாரியமே இருக்கும் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

"நூத்தி நாலு கிலோ," என்றார் டாக்டர். "உங்க கிட்னி உங்க அக்காவுக்கு அருமையாப் பொருந்துது. ஆனா இந்த எடையோட உங்களை நான் ஆபரேஷன் மேஜையில படுக்க வைக்க மாட்டேன். பன்னெண்டு கிலோ குறைச்சுட்டு வாங்க. ஆறு மாசம் டைம். அதுக்கு மேல அக்கா கையில ஊசி குத்த இடம் இருக்காது."

அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். தபால் நிலையத்தில் முப்பது வருஷமாகக் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பவள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கையைக் கட்டிப் படுத்திருந்தும் வாய் மட்டும் மெலியவில்லை.

"ஒரு கிட்னி என்ன வெயிட் இருக்கும் டாக்டர்?"

"நூத்தைம்பது கிராம் இருக்கும்."

"கேட்டியாடா? நூத்தைம்பது கிராம் குடுக்க பன்னெண்டு கிலோ குறைக்கணுமாம். நீ எந்த வேலையையும் சுருக்கமா முடிச்சதே இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வெளியே வரும்போது அவள் தம்பியின் தோளைப் பிடித்தபடி நடந்தாள். அந்தப் பிடியில் கனமே இல்லை. தையல்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது.

மருத்துவமனை கொடுத்த படிவத்தில் இருபத்தொரு கட்டங்கள். பதினான்காவது கட்டம் இப்படிக் கேட்டது: 'அக உந்துதல் வாரியத்தின் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளதா?'

"இது எங்கே கிடைக்கும்?" என்று வெளியே வரிசையில் நின்றவர்களிடம் கேட்டார். எல்லோரும் ஒரே திசையில் கை காட்டினார்கள்.

அக உந்துதல் வாரியம் ஐந்து மாடிக் கட்டடம். மக்கள் மெலிவதற்கு முன், மெலிய வேண்டும் என்ற ஆசை அவரவர் உள்ளத்தில் சரியான இடத்திலிருந்து பிறந்திருக்கிறதா என்று பரிசோதித்துச் சான்று வழங்குவது அதன் பணி. வாசலில் இரண்டு லிஃப்ட். ஒன்றில் 'அலுவலர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'உந்துதல் உள்ளவர் படியேறுவார்' என்று எழுதிப் பூட்டியிருந்தது.

ஒன்று கவனித்தார் தையல்காரர். ஐந்து மாடியிலும் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "எண்கள் மனசை உடைச்சிடும் சார்," என்று விளக்கம் கிடைத்தது.

இரண்டாவது மாடியில் காரணப் பிரிவு. அங்கே இருந்த அலுவலர் அம்மாளுக்கு அன்பான குரல். அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் மறுப்பதுபோலவே தெரியாது. படிவத்தை நீட்டினார். 'எடை குறைக்க விரும்பும் தனிப்பட்ட காரணம்' என்று ஒரு நீளமான கோடு. தையல்காரர் நிதானமாக எழுதினார்: 'அக்காவுக்குக் கிட்னி கொடுக்க.'

அலுவலர் படித்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"இது உங்க அக்காவோட காரணம். உங்க காரணம் எங்கே?"

"இதுதாங்க என் காரணம்."

"இல்ல சார். அக்கா வெளியில இருக்காங்க. காரணம் உள்ளேயிருந்து வரணும்."

"அந்தக் கிட்னி என் உள்ளேதாங்க இருக்கு."

அலுவலர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. 'காரணம் இல்லாதவர்' என்று ஒரு முத்திரை குத்தி, மூன்றாவது மாடியில் நடக்கும் காரணத் தேடல் வகுப்புக்கு அனுப்பிவைத்தார். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை பகல் ஒன்று முதல் நான்கு மணி வரை.

வகுப்பில் முப்பது பேர். முதல் நாள் எல்லோரையும் ஆளுயரக் கண்ணாடிகளின் முன் நிறுத்தினார்கள். ஒரு மணி நேரம் தன்னையே உற்றுப் பார்க்க வேண்டும். பிறகு கண்டதைச் சொல்ல வேண்டும். ஒரு பெண் அழுதாள். அவளுக்குப் பாராட்டுக் கிடைத்தது. தையல்காரர் முறை வந்தது.

"என்ன பார்த்தீங்க?"

"காலர் இடது பக்கம் கால் அங்குலம் தூக்கியிருக்குங்க. நான் தச்சதுதான். கவனிக்காம விட்டுட்டேன்."

பயிற்றுநர் தன் நோட்டில் 'தப்பிக்கிறார்' என்று எழுதினார்.

பக்கத்துக் கண்ணாடியில் நின்றவர் ஒரு பேருந்து ஓட்டுநர். சட்டைப் பையின் மேல் எட்டுப் பதக்கங்கள் குத்தியிருந்தார். போரில் வாங்கியவை போலிருந்தன.

"எட்டு தடவை குறைச்சிருக்கேன்," என்றார் பெருமையாக. "ஒன்பதாவது தடவை குறைச்சா வைர உறுப்பினர்."

"குறைச்சது எங்கண்ணே போச்சு?"

"எங்கேயும் போகல, இதோ இருக்கு." வயிற்றைத் தட்டிக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு தடவையும் காரணம் நல்லாத்தான் கிடைச்சுது தம்பி. சான்றிதழ் எல்லாம் சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கேன். வீட்டுக்குப் போனா அதுங்களோடத்தான் தனியா உக்காந்திருக்கேன்."

கடவுள் அந்த வாரியத்துக்கு ஒரு படிக்கட்டையும், அதைத் துடைக்க ஒரு பெண்ணையும் கொடுத்திருந்தார். மற்றதெல்லாம் அவர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டது. இரண்டாவது செவ்வாய், மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்திருந்த தையல்காரரை அந்தத் துடைக்கிற அம்மா பார்த்தார்.

"என்னண்ணே, காரணம் கிடைச்சுதா?"

"எங்க கிடைக்குது. நான் கொண்டுவந்ததை வேண்டாங்கறாங்க."

"நாலு மணிக்குக் கிளம்புவீங்களா? எந்தப் பக்கம்?"

சொன்னார். அந்த அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. என் வீட்டுக்குக் கால்வாய் ஓரமாத்தான் போகணும். பாலத்துக்கிட்ட நாலு நாய் படுத்துக்கிடக்கு. போன மாசம் ஒண்ணு முந்தானையைப் பிடிச்சிடுச்சு. அதுல இருந்து தினம் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் போறேன். பாலம் தாண்டுற வரைக்கும் கூட வந்தீங்கன்னா..."

போனார். அந்த அம்மாளின் வீடுவரை நான்கு கிலோமீட்டர் தூரம். பாதி வழியில், பாலத்தருகே, நாய்கள் எழுந்து நின்றன. தையல்காரரின் உருவத்தை மேலும் கீழும் பார்த்தன. திரும்பப் படுத்துக்கொண்டன. வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் உடம்பு ஒருவருக்கு உதவியதாக அவருக்குத் தோன்றியது.

"நாளைக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"சாமி விட்ட வழி."

தையல்காரர் பெரிய பக்திமான்தான். ஆனால் நான்கு நாய்களையும் சாமியின் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவது முறையாகப் படவில்லை. மறுநாள் நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வாரிய வாசலில் போய் நின்றார். அதற்கு மறுநாளும் நின்றார். அந்த அம்மாளின் விடுமுறை நாள் தவிர எல்லா நாளும் போக நான்கு, திரும்பி வர நான்கு. இதுநாள்வரை கடையில் நாலரை மணி என்பது கிரீம் பிஸ்கட்டின் நேரம். இப்போது அந்த நேரத்தில் அவர் பாலத்தில் இருந்தார்.

வீட்டில் இன்னொன்று நடந்தது. அக்காவுக்கு உப்பு கூடாது, பொரித்தது கூடாது, எதிலும் அளவு. எதிரே உட்கார்ந்து அவள் பார்க்கப் பார்க்க மொறுமொறுவென்று தின்ன அவருக்கு மனம் வரவில்லை. அவள் தட்டில் இல்லாதது அவர் தட்டிலும் இல்லாமல் போயிற்று.

"என்னடா, எனக்காகப் பட்டினியா?"

"உப்பில்லாததே நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொன்னா கிட்னி கெட்டுப்போகும். அது எனக்கு வரப்போற கிட்னி."

மூன்றாம் மாதம் காரண ஆய்வுக் குழு அவரை அழைத்தது. ஐந்தாம் மாடி. நீள மேஜை. நடுவில் வாரிய இயக்குநர், இரு பக்கமும் உறுப்பினர்கள், மூவருக்கும் பொதுவாக ஒரு தட்டு நிறைய கிரீம் பிஸ்கட்.

"இன்னும் அக்காதானா?" என்றார் இயக்குநர், கோப்பைப் புரட்டியபடி.

"ஆமாங்க."

"இதோ பாருங்க. அன்புங்கிறது ரொம்ப ஆபத்தான காரணம். நாளைக்கே அக்காவோட சண்டை வந்துட்டா? எங்ககிட்ட ஒருத்தர் மனைவிக்காகக் குறைச்சார். மனைவி விட்டுட்டுப் போயிட்டாங்க. எடை திரும்பி வந்துடுச்சு. எடை வந்ததுல எங்களுக்கு வருத்தமே இல்ல, அவரும் கூடவே திரும்பி வந்தார், சேர்த்துக்கிட்டோம். ஆனா கோப்பு அசிங்கமாயிடுச்சு."

வலப்பக்க உறுப்பினர் பிஸ்கட்டைப் பிரித்துக் கிரீமைச் சுரண்டியபடி ஆமோதித்தார். "ஆளில்லாத காரணம்தான் நல்ல காரணம். சாகாது."

"அப்ப நான் என்னன்னு எழுதணும்?"

"நாங்க சொல்லக்கூடாது. சொன்னா அது உள்ளேயிருந்து வந்ததாகாது." இயக்குநர் ஒரு அச்சடித்த தாளை அவர் பக்கம் தள்ளினார். "இதுல இருபது காரணம் இருக்கு. உங்க உள்ளத்துல எது தோணுதோ அதை டிக் பண்ணுங்க."

தையல்காரர் படித்தார். 'என்னை நான் நேசிப்பதால்.' 'என் மீதே நான் முதலீடு செய்வதால்.' 'பழைய நான் தோற்றுப்போக வேண்டும் என்பதால்.' இருபதிலும் 'நான்' இருந்தது. வேறு ஒருவர்கூட இல்லை. ஆள் நடமாட்டமே இல்லாத ஊருக்குள் போய்விட்டு வந்ததுபோல் இருந்தது. டிக் செய்ய அவரால் முடியவில்லை. பொய் சொல்லக் கூடாதே என்பதுகூட இல்லை. அக்காவின் பெயருக்கு மேல் கோடு போடுவதுபோல் இருந்தது.

கோப்பு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த வாரம் இயக்குநரே கடைக்கு வந்தார். வாரியத்தின் ஆண்டுவிழா நெருங்கியிருந்தது. கறுப்புக் கால்சட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். தையல்காரரை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கோப்புகளைத்தான் அவர் பார்ப்பார், முகங்களை அல்ல.

"துவைச்சதுல சுருங்கிடுச்சு. இடுப்புல கொஞ்சம் இளக்கிக் குடுங்க."

தையல்காரர் உள்பக்கத்தைத் திருப்பினார். பழைய தையல்களின் ஊசித்துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஆறு வரிசைகள். பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது. எந்தத் தையல்காரரும் இடுப்பைச் சிறிதாக்கிப் பிடிக்கும்போது உள்ளே இரண்டு அங்குலத் துணி விட்டுத்தான் பிடிப்பார். வாடிக்கையாளர்கள் பெருத்துத் திரும்பி வருவார்கள் என்று தெரியும், சொல்வதில்லை. இந்தக் கால்சட்டையில் விட்டிருந்த துணி முழுக்க ஏற்கெனவே வெளியே வந்திருந்தது. இனி விட ஒரு நூல்கூட இல்லை.

"நல்லா சுருங்கியிருக்குங்க," என்றார் தையல்காரர். "ரெண்டு பக்கமும் முக்கோணமா ஒட்டுத்துணி வைக்கணும். பார்க்கிறேன்."

கடையில் கிடந்த கறுப்புத் துணியில் பொருத்தமானது கிடைத்தது. வைத்துக் கொடுத்தார்.

ஆண்டுவிழாவுக்கு வகுப்பு உறுப்பினர்கள் எல்லோரும் வந்தே ஆக வேண்டும். இயக்குநர் மேடையில் நின்று பேசினார்.

"சென்ற ஆண்டு நம் வாரியம் நாற்பது டன் எடையைக் குறைத்தது. அதற்கு முந்தைய ஆண்டும் நாற்பது டன். இந்த ஆண்டும், பெருமையோடு சொல்கிறேன், அதே நாற்பது டன்! பிற துறைகள் தங்கள் வளங்களைத் தீர்த்துவிட்டுக் கையைப் பிசைகின்றன. நாம் குறைக்கும் எடையோ ஒருபோதும் தீர்வதில்லை. நம் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தவறாமல் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இந்த விசுவாசத்தை வேறெங்கே காண முடியும்?"

கைதட்டல் அதிர்ந்தது. ஓட்டுநருக்கு மேடையில் ஒரு சால்வை கிடைத்தது.

ஐந்தாம் மாத முடிவில் தையல்காரர் தன் கழுத்து டேப்பை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றினார். தப்பாகப் பிடித்துவிட்டோமோ என்று மறுபடி சுற்றினார். அன்றே மருத்துவமனைக்குப் போனார். தொண்ணூற்றிரண்டு. டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா அவர் சட்டையின் தொளதொளப்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவள் பேச்சற்றுப்போனதை அவர் அன்றுதான் பார்த்தார்.

"தேதி குறிக்கலாம்," என்றார் டாக்டர். "படிவத்தை ஆஃபீஸ்ல குடுத்துடுங்க."

பதினான்காவது கட்டம் காலியாகத்தான் இருந்தது. தையல்காரர் வாரியத்துக்கு ஓடினார். காரணப் பிரிவு அலுவலர் அம்மாள் அவரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன சார் இது! யாரைக் கேட்டுக் குறைச்சீங்க?"

"யாரையும் கேக்கலைங்க. அதுவா..."

"உங்க காரணம் இன்னும் பரிசீலனையில இருக்கு. அனுமதிக்கு முந்தி குறைஞ்ச எடை செல்லாது. பன்னெண்டு கிலோவும் செல்லாது." அதே அன்பான குரல். "ஆனா ஏதாவது உந்துதல் இருந்திருக்கணுமே? அதையாவது சொல்லுங்க."

தையல்காரர் யோசித்து உண்மையைச் சொன்னார். "நாய்ங்க."

"என்னது?"

"பாலத்துக்கிட்ட நாலு நாய்."

அலுவலர் பதிவேட்டைப் புரட்டினார். விலங்குகளுக்கு இடமில்லை. மேலே போய்க் கேட்டுவிட்டு வந்தார். இயக்குநரின் உத்தரவு எழுத்திலேயே வந்தது. விண்ணப்பதாரர் முறையற்ற மெலிவை நீக்கி, நூற்று நான்கு கிலோவுக்குத் திரும்பி, காரணத் தேடல் வகுப்பில் முதலிலிருந்து சேர வேண்டும். எடை ஏற்றத்துக்கு மூன்று மாத அவகாசம் கருணையுடன் வழங்கப்படுகிறது.

"ஒரு மாசம்தாங்க இருக்கு," என்றார் தையல்காரர். "அக்கா கையில இனிமே ஊசி குத்த இடம் இல்லையாம்."

"எனக்கும் அக்கா இருக்காங்க சார்," என்றார் அலுவலர். சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.

அன்றும் துடைக்கிற அம்மாவோடு கால்வாய் ஓரம் நடந்தார். பாலம் தாண்டியதும்தான் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அந்தக் கட்டத்துல என்னண்ணே எழுதியிருக்கு? சரியாச் சொல்லுங்க."

"சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளதா."

"கேள்விதானே கேட்டிருக்கு? இணைக்கணும்னு சொல்லலையே?"

தையல்காரர் நின்றுவிட்டார்.

"பதினெட்டு வருஷமா மாடிப்படி துடைக்கிறேன். இந்தச் சான்றிதழுக்கு வந்தவங்க எல்லாம் அழுதிருக்காங்க, கெஞ்சியிருக்காங்க. ஒருத்தர்கூடத் திரும்பிப்போய் 'இல்லை'ன்னு எழுதிப் பார்த்ததில்ல. நீங்க எழுதுங்க. நான் வேண்டிக்கிறேன்."

மறுநாள் மருத்துவமனை அலுவலகத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த எழுத்தர் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார். பதினான்கில் நின்றார். 'இல்லை' என்பதை அழுத்தினார். கணினி பதினைந்துக்குப் போனது.

"அவ்வளவுதானா?" என்றார் தையல்காரர்.

"அவ்வளவுதான் போல," என்றார் எழுத்தர், அவரைவிட அதிகமாக வியந்து. "இதுவரைக்கும் யாரும் இதை அழுத்தச் சொன்னதில்ல."

நூற்றைம்பது கிராம் பத்திரமாகக் கைமாறியது.

ஒன்பது மாதம் கழித்து வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அக்கா உடல் தேறியதாக அறிகிறோம். எனவே தங்கள் காரணம் காலாவதியாகிவிட்டது. தொண்ணூறு நாளில் தங்கள் எடை திரும்பும் என்று எதிர்பார்க்கிறோம். வகுப்பில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். தாங்கள் குறைத்த பன்னிரண்டு கிலோ, செல்லாது எனினும், இவ்வாண்டின் நாற்பது டன்னில் சேர்த்துக்கொள்ளப்பட்டுள்ளது. உறையின் மேல் 'பருமனான உறுப்பினர் அவர்களுக்கு' என்று இருந்தது.

அக்கா உறையை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷப் பார்வை. பேனாவை எடுத்து, 'இப்படி ஒருவர் இந்த முகவரியில் இல்லை. அனுப்புநருக்கே திருப்புக' என்று எழுதி ஓரமாக வைத்தாள்.

"நாலு மணி ஆகுதுடா. அவ வாசல்ல காத்துக்கிட்டு நிப்பா. அந்தப் பதக்கக்காரரும் வர்றேன்னார்."

இப்போது நடப்பவர்கள் நான்கு பேர். அக்காவால் பாலம்வரைதான் முடியும். நாய்கள் வாலாட்டப் பழகிவிட்டன. அவற்றைக் கண்டு இப்போது யாருக்கும் பயமில்லை. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அன்று கிளம்புமுன் தையல்காரர் தன்னுடைய கறுப்புக் கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தைத்து முடித்திருந்தார். வழக்கம்போல் உள்ளே இரண்டு அங்குலம் விட்டிருந்தார். கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அந்த இரண்டு அங்குலத்தையும் ஒட்ட வெட்டினார்.

"என்னடா பண்றே? மறுபடி ஊதினா என்ன செய்வே?"

"ஊத விடுவியா நீ?"

வெட்டிய துணியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மேஜை மேல் இயக்குநரின் கால்சட்டை மறுபடி வந்து கிடந்தது. ஆண்டுவிழா நெருங்கியிருந்தது. துவைத்ததில் இன்னும் சுருங்கியிருந்ததாம். தையல்காரர் துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிறம் அச்சாகப் பொருந்தியது.

அந்த மனிதர் மேடையில் நிற்கும்போது மூச்சு முட்டாமல் நிற்கட்டும் என்று, இரண்டு அங்குலத்தையும் தாராளமாக வைத்து, இரட்டைத் தையல் போட்டார். பிறகு கடையைச் சாத்திவிட்டு நடக்கப் போனார்.